மார்லூஸ் பேசிய தமிழ்

டோர்ட்மண்ட்,
18.02.2024

என் செல்ல மகள் பார்கவிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ ஹனோவரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமாக என்று எழுதக் கை வரவில்லை. டெலிபோனில் உனக்குப் பாதிதான் சொன்னேன். பொலிஸ்காரியைப் பெற்றவன் பேசத் தொடங்கினால் பின்னால் ரேடியோ கரகரக்கிறது, நீயும் "பிறகு எடுக்கிறன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் ஆறுதலாக வாசிப்பாய். உன் தமிழும் துருப்பிடிக்காது.

குணேஸ்வரி மாமியின் செத்தவீடு வியாழக்கிழமை முடிந்தது. நீ வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். "கொலைக் கேஸ் ஒண்டில நிக்கிறா, லீவு குடுக்கமாட்டினமாம்" என்று சொன்னேன். அவர்களுக்கு அது பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. செல்வராசா மாமா கட்டின மனிசியின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சின்னப்பிள்ளை போல விக்கி விக்கி அழுதார். ஆதிரை கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வந்து சேருவதற்கு முதலே தாய்க்கு நினைவு தப்பிவிட்டது. ஒரே பிள்ளை. மே மாதம் கலியாணத்தை வைத்துக்கொண்டு தாயை எரித்துவிட்டு நிற்கிறது. 

எப்படி நடந்தது என்று கேட்டாய். உடுப்புத் தோய்க்க வீட்டுக்குக் கீழே இருக்கிற கெல்லருக்குப் போன இடத்தில் படியில் விழுந்துவிட்டாள். செல்வராசா முதலில் எனக்குத்தான் டெலிபோன் எடுத்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னதே நான்தான். மனிசன் அவ்வளவு பதறிப்போயிருந்தான். ஆஸ்பத்திரியில் வழக்கம்போல நான்தான் வாய். முப்பது வருடமாக இந்த ஜேர்மன்காரரின் டொச் பாஷை அவளுக்கு வரவில்லை, எந்த டொக்டரிடம் போனாலும் இராசலிங்கம் அண்ணை வேண்டும். எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டா. குணேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "விழுத்திப்போட்டுது அண்ணை, விழுத்திப்போட்டுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தலைச்சுற்றில் விழுந்துவிட்டா என்று டொக்டருக்குச் சொன்னேன். அதோடு கண்ணை மூடினவள்தான். பிறகு இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். விபத்தென்றால் வருவது முறையாம். அவர்களுக்கும் அதையே சொன்னேன், எழுதிக்கொண்டு போனார்கள்.

மாமிக்குக் கடைசியாக அம்மாதான் சீலை உடுத்திவிட்டது. நீளக்கைச் சட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து எங்கேயோ தேடி எடுத்துக்கொண்டு போனா. வந்ததிலிருந்து என்னோடு ஒரு சொல் கதைக்கிறா இல்லை. கூட்டாளி போன துக்கம்.

இத்துடன் மார்லூஸின் புதுச் சித்திரக்கதைப் புத்தகம் அனுப்புகிறேன். எல்லை தாண்டி ஒல்லாந்தில் வென்லோவுக்குப் போனபோது உனக்கென்று வாங்கினது. நாற்பது வருடமாகக் கள்ளரைத் துரத்துகிறாள், தலையில் ஒரு நரை இல்லை. என்ன எண்ணெய் வைக்கிறாள் என்று நீ கேட்டு எழுதினால் அம்மாவுக்குச் சொல்லலாம்.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா
இராசலிங்கம்

*

ஹனோவர்,
26.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதமும் புத்தகமும் கிடைத்தன. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வராதது மனதைக் குத்துகிறது. நீங்களும் அம்மாவும் வேலைக்குப் போன நாட்களில் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டது குணேஸ் மாமிதான். நான் அழுதால், "அழு, நல்லா அழு, கண்ணாவது கழுவுப்படட்டும்" என்பார். அப்படி ஒரு வாய் இனி டோர்ட்மண்டில் இல்லை.

மாமி வீட்டுச் சோபாவில் இருந்துதான் மார்லூஸை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நீங்கள் பூ வண்டி ஓட்டிய காலம். ஒல்லாந்துக்காரச் சாரதிகள் வாசித்துவிட்டுப் போட்ட சித்திரக்கதைகளை அள்ளிக்கொண்டு வருவீர்கள். உங்களுக்கும் அந்தப் பாஷை தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பேச்சுக் குமிழிலும் விரலை வைத்து வாசிப்பீர்கள். ஆம்ஸ்டர்டாம் துப்பறிகிறவள் "ஐயோ முருகா" என்பாள். ஸ்பகெட்டி சாப்பிட்டால் "இடியப்பத்துக்குச் சொதி காணாது" என்பாள். மாமி அடுப்படியில் நின்று, "அண்ணை, அவளை ஒருக்கா எங்கட வீட்டுக்கும் அனுப்புங்கோ, இங்கயும் துப்பறிய விஷயம் கிடக்குது" என்று சொல்லுவார். எல்லாரும் சிரிப்போம். மாமாவும் சிரிப்பார்.

இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். மாமி ஆஸ்பத்திரியில் சொன்னது நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சொல்லேதானா? விழுந்திட்டன் என்று சொல்லவில்லையா? தலைச்சுற்று என்ற சொல் மாமியின் வாயிலிருந்து வந்ததா?

அம்மாவுக்கு நேற்று எடுத்தேன். நீளக்கைச் சட்டை ஏன் என்று கேட்டேன். "குளிர்" என்றுவிட்டு வைத்துவிட்டா. செத்துப்போனவருக்கு என்ன குளிர் அப்பா?

உங்கள் சீனி மருந்தை மறக்காமல் போடுங்கள்.

அன்பு மகள்,
பார்கவி

*

டோர்ட்மண்ட்,
03.03.2024

அன்பு மகளுக்கு,

கடிதம் கண்டேன். பெற்ற தகப்பனையே விசாரிக்கிற அளவுக்கு ஜேர்மன் அரசாங்கம் உன்னை வளர்த்துவிட்டிருக்கிறது. சந்தோசம். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது விலங்கையும் கொண்டு வா, அம்மா அதில் சட்டி கழுவுகிற துணியைக் காயப்போடட்டும்.

பகிடி விட்டுச் சொல்கிறேன். தலைச்சுற்று விழுத்திப்போட்டுது, காய்ச்சல் விழுத்திப்போட்டுது என்று நாங்கள் சொல்லுவதில்லையா? குணேஸ்வரி சீனி வருத்தக்காரி. காலையில் தேத்தண்ணீரோடு ஓடித்திரிகிறவள். எது விழுத்தியிருக்கும்? அவள் தலைச்சுற்று என்று வாய் திறந்து சொல்லவில்லைதான். நான் விளங்கிக்கொண்டேன். முப்பது வருடம் அவளுக்காகப் பேசினவனுக்கு அவள் சொல்லாததும் விளங்கும். டொக்டர்மாருக்குச் சொல்லுக்குச் சொல் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது, கருத்தைத்தான் சொல்ல வேண்டும். "நெஞ்சுக்குள்ள பூனை பிறாண்டுது" என்று அவள் சொன்ன அன்று நான் பூனை என்றா மொழிபெயர்த்தேன்?

ஆதிரை வந்து கையைப் பிடித்து, "மாமா, அம்மா கடைசியா என்ன சொன்னவ?" என்று கேட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்க்கவில்லை. "உன்னைத்தான் கேட்டவ. கலியாணச் சீலைக்குச் சிவப்பு வேண்டாமாம், அரக்குத்தான் வடிவாம். சிரிச்சுக்கொண்டு கண்ணை மூடினவ" என்று சொன்னேன். பிள்ளை அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதது. இப்போது அரக்குச் சீலை எடுத்திருக்கிறார்கள். நான் செய்தது பிழையா?

செல்வராசா மாமா சோறு தின்னுகிறார் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நானும் கூட நிற்க வேண்டும். கலியாணத்துக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் பெரிய மனிசனென்று நிற்க நான் ஒருவன்தான் இருக்கிறேன். நீயும் நாலு நாள் முன்னதாகவே வந்துவிடு. இந்த விசாரணையை இதோடு விடு, பிள்ளை.

அன்புள்ள,
அப்பா

*

ஹனோவர்,
11.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

விட முடியவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

குணேஸ் மாமி ஒருநாளும் மாமாவை "அவர்" என்று சொன்னதில்லை. "அது வேலைக்குப் போட்டுது." "அதுக்கு உறைப்புக் கூடாது." "அது இன்னும் சாப்பிடேல்லை." நீங்கள்தான் பகிடி பண்ணுவீர்கள், "அது எண்டுறாய், வீட்டில ஆடோ மாடோ நிக்குது?" என்று. "மாடெண்டால் பாலாவது தரும் அண்ணை" என்பார் மாமி. டோர்ட்மண்டில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த பகிடி இது. முதலில் தெரிந்தவர் நீங்கள்.

தானாக விழுகிற ஒருத்தி "விழுந்திட்டன்" என்பாள். விழுத்துவது என்றால் ஒரு ஆள் இன்னொரு ஆளை விழுத்துவது. தலைச்சுற்று விழுத்தும்தான், ஆனால் மாமி தலைச்சுற்று என்று சொல்லவில்லை, அது நீங்கள் போட்ட சொல். "விழுத்திப்போட்டுது அண்ணை." யார் என்று பெயர் சொல்ல மாமிக்குத் தேவையிருக்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று மாமிக்குத் தெரியும். உங்களுக்கு விளங்கியது. 

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமலே வைத்திருந்தேன். இங்கே வேலைக்கு வந்த பிறகு நான் ஒல்லாந்துப் பாஷை படித்தேன், எல்லைக் கேசுகளுக்காக. படித்து முடித்ததும் முதல் வேலையாகப் பழைய மார்லூஸ் புத்தகங்களை எடுத்தேன். "பனிப்பாலம்" நினைவிருக்கிறதா? அவளை வளர்த்த கப்பல்காரக் கிழவரே ஒரு ஆளைத் தண்ணீரில் தள்ளிவிட்டார் என்று கண்டுபிடிக்கிறாள். கடைசிப் படத்தில் அவர் முன்னால் நடக்கிறார், அவள் அவருடைய கைகளைப் பின்னால் பிடித்திருக்கிறாள். நீங்கள் எனக்குச் சொன்னது, "அண்ணைக்குக் கை குளிருது, பிடிச்சு விடுறா. அண்ணை இனிக் கனடாவுக்குப் போய்க் கடை போடப்போறார்." உண்மையில் அது விலங்கு, அப்பா. குமிழில் எழுதியிருப்பது, "எனக்கு வேறு வழியில்லை." எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான். அவள் பிடித்துக் கொடுத்த எல்லாரையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். எங்கட ஆட்கள், பாவம், இனிச் செய்யமாட்டினம் என்று.

ஆறு வயதுப் பிள்ளைக்கு அது அழகான கதை. வாசித்தபோது அழுதேன், ஆனால் உங்களில் அன்பு கூடியது. இப்போது நீங்கள் குணேஸ் மாமியின் குமிழையும் நிரப்பிவிட்டீர்கள். டொக்டருக்கும் பொலிஸுக்கும் தலைச்சுற்று, ஆதிரைக்கு அரக்குச் சீலை. மாமி சொன்ன ஒரே ஒரு சொல்லை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

என் வேலையில் இருக்கிற ஒருத்தி இப்படி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கச் சட்டம் விடாது. ஆனால் நான் போவதற்கு முதல் நீங்களே போங்கள். பிழையாக விளங்கிவிட்டேன், திருத்திச் சொல்ல வந்தேன் என்று சொல்லுங்கள். இந்தக் கிழமை முழுக்கக் காத்திருப்பேன். மன்றாடிக் கேட்கிறேன்.

உங்கள் மகள்,
பார்கவி

*

டோர்ட்மண்ட்,
17.03.2024

பார்கவிக்கு,

உன் கடிதத்தை அம்மா கேட்டா, கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தா. இந்த வீட்டில் இப்போது சத்தம் போடுகிறது தண்ணீர்க் குழாய் மட்டும்தான்.

உனக்குப் பாஷை தெரியும், சட்டம் தெரியும். செல்வராசாவைத் தெரியாது. நாங்கள் அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் வெளிநாட்டுக்காரரைத் தேடி அடிக்கிற மொட்டைத் தலைப் பொடியங்கள் சுற்றி வளைத்தார்கள். நான் கீழே கிடந்தேன். அவன் எனக்கு மேலே கவிழ்ந்து படுத்தான். எனக்கு விழ இருந்த அடி முழுக்க அவனுக்கு விழுந்தது. அவனுடைய இடது காது அன்றைக்குப் போனது. நீ பிறந்ததும் இருப்பதும் அந்தக் காதால்தான். அதை எந்தக் குமிழில் எழுதுவாய்?

அது என்பது அவன்தான் என்றே வைத்துக்கொள். ஒரு கோபம், ஒரு தள்ளு என்றே வைத்துக்கொள். அவனை உள்ளே போட்டால் குணேஸ்வரி எழும்பி வருவாளா? ஆதிரைக்குத் தாய் போய்விட்டாள். தகப்பனையும் நீயே எடுத்துவிடப் போகிறாயா? கொலைகாரன் மகளென்றால் கலியாணம் நிற்கும். பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பாய்?

மார்லூஸைப் பற்றி எழுதியிருந்தாய். நான் பொய்யாக வாசித்தேன் என்று உனக்கு வருத்தம். என்ர மகள் மனிசரை மன்னிக்கத் தெரிந்த பிள்ளையாக வளரவேண்டும் என்றுதான் அப்படி வாசித்தேன். நாற்பது வருடத்தில் அந்தப் பெட்டைக்கு ஒரு தாய் தகப்பனைக் கீறினார்களா? இல்லை. யாரும் இல்லாதபடியால்தான் அவளால் எல்லாரையும் பிடிக்க முடிகிறது. உனக்கு நாங்கள் இருக்கிறோம்.

நான் போகமாட்டேன். நீயும் போகாதே. போனால் இந்த வீட்டுப் படியை மிதிக்காதே என்று எழுத நினைத்தேன். எழுத மனம் வரவில்லை, ஆனால் நீயே விளங்கிக்கொள்.

அப்பா

*

ஹனோவர்,
02.04.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போனேன்.

உங்கள் கடிதங்களையும் கொடுத்துவிட்டேன்.  மேலதிகாரி தண்ணீர் வாங்கித் தந்தார். இப்போது இது டோர்ட்மண்ட் ஆட்களின் கேஸ், எனக்கு அதில் இடமில்லை. உங்களுக்கு இதை எழுதுவதும் பிழைதான். எழுதாமல் இருக்க ஏலவில்லை.

செல்வராசா மாமாவின் காதைப் பற்றி வாசித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் குணேஸ் மாமியின் உயிரால் அடைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

கடிதத்தை மொழிபெயர்க்க அலோசியஸ் என்று ஒருவரைப் பிடித்திருக்கிறார்கள். திருச்சிக்காரர், நல்ல படிப்பு. யாழ்ப்பாணத்து ஆள் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். தமிழ் தமிழ்தானே என்றார்கள். "ஏதோ ஒன்று என்னை விழவைத்தது" என்று டொச்சில் எழுதியிருக்கிறார். சொல்லுக்குச் சொல் சரி, ஒரு பிழையும் பிடிக்க முடியாது. நீங்கள் "வைத்துக்கொள்" என்று எழுதியது சாட்சி ஆகாதாம். மாமி மாமாவை அது என்பார் என்று நான் சொன்னேன். அந்த அறையில் நான் இருந்தேனா என்று கேட்டார்கள். நான் இருக்கவில்லை. மாமி அதைச் சொல்லும்போது எங்கே பார்த்தார், கதவடியில் யார் நின்றது, எந்தக் குரலில் சொன்னார், எனக்கு ஒன்றும் தெரியாது. உடம்பும் எரிந்துவிட்டது. சீலை உடுத்தும்போது மாமியின் கையில் பார்த்ததைச் சொல்ல அம்மா வாய் திறக்கிறா இல்லை.

கேட்ட காது உங்களுடையது மட்டும்தான்.

அடுத்த கிழமை உங்களைக் கூப்பிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லுங்கள். டொச்சில் பேசாதீர்கள் அப்பா. டொச்சில் உங்களுக்குப் பொய் சுலபமாக வரும், எனக்கும் அப்படித்தான். தமிழிலேயே நின்றுகொண்டு, மாமி உங்கள் கையைப் பிடித்ததை நினைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்கள். ஆதிரையின் கலியாணம் நின்றால் அவளுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். உங்களுக்குப் பக்கத்திலும் நிற்பேன், ஊர் என்ன சொன்னாலும்.

மாமி முப்பது வருடம் உங்களை நம்பிப் பேசினார். அந்த ஒரு தடவை மட்டும் ஏமாந்துபோனார் என்று இருக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளை,
பார்கவி

*

ஹனோவர்,
24.04.2024

அப்பாவுக்கு,

முந்தாநாள் அம்மா எடுத்தா. நீங்கள் போனீர்களாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றீர்களாம், தலைச்சுற்று என்று டொச்சில் சொல்லிவிட்டு வந்தீர்களாம். மாமா உங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தாராம். மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லை என்று இன்று எனக்கும் அறிவித்துவிட்டார்கள்.

நான் உங்களுக்குக் கோபமாக எழுத இருந்தேன். இப்போது கோபம் இல்லை, களைப்புத்தான் இருக்கிறது. இனிப் புத்தகம் அனுப்ப வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

நேற்று ஆதிரை எடுத்தாள். அவள் போய்ப் பார்த்தபோது மாமியின் தொண்டையில் குழாய் போட்டிருந்தது, சிரித்துக்கொண்டு எப்படிக் கண்ணை மூடினவ என்று பல நாளாக யோசித்திருக்கிறாள். "அக்கா, உங்கட அப்பா உங்களுக்கு எழுதியிருப்பார்தானே. அம்மா கடைசியா என்ன சொன்னவ?" என்று கேட்டாள்.

சொன்னேன். நீங்கள் எழுதினபடியே, "விழுத்திப்போட்டுது அண்ணை" என்ற அந்த இரண்டு சொல்லை மட்டும்.

அதைத் தானும் ஒருக்கா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு "ஓம் அக்கா" என்றாள். அவளுக்கு ஒருவரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

பார்கவி